நம்ம ஆளுக்கு ஒரு வேலை

எனக்குக் கோபம் வந்தால் இடம், ஆள் எதுவும் பார்க்கத் தெரியாது. எங்கள் தாமான் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் அன்றைக்கு நான் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "நம்ம ஆளு ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கும்போது, ஈப்போவுலருந்து கம்பெனிய கூப்பிட்டுப் புல்லு வெட்டச் சொல்றீங்களே, இது நியாயமா இருக்கா?" என்று கேட்டேன். என் கணவர் குனிந்து கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பொது இடத்தில் பேசத் தொடங்கினால் அவர் எப்போதும் செய்வது அதுதான்.

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில், பத்து காஜா என்கிற ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தாமான். முன்பு அது ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து வீடுகள் எழுப்பியபோது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் குடும்பங்களுக்கும் ஓரமாகச் சில வரிசை மலிவு வீடுகள் கிடைத்தன. வரிசைக்கு வரிசை பூக்களின் பெயரில் பலகை நட்டிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் முதல் லயம், கடைசி லயம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். திடல், பாலாய் ராயா என்கிற பொது மண்டபம், சின்னதாக ஒரு கோயில், இவற்றைக் குடியிருப்பாளர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா உண்டு. தலைவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் என்று யாராவது சொன்னால் 'புலனம்' என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார். செயலாளர் நான். கணினியில் தமிழ் தட்டத் தெரிந்தவள் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. பகலில் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன்.

நான் சொன்ன அந்த நம்ம ஆள் கடைசி லயத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நாற்பத்தைந்தைத் தாண்டியும் தாமான் முழுக்க அவருக்குப் பெயர் 'தம்பி'தான். சின்னப் பிள்ளைகள் 'தம்பி அங்கிள்' என்று கூப்பிடும். தோட்டம் மூடியபோது மற்ற இளவட்டங்கள் சிங்கப்பூருக்கும் தஞ்சோங் மாலிம் பக்கத்துக் கார் தொழிற்சாலைக்கும் கிளம்பிப் போக, இவர் மட்டும் போகவில்லை. சங்கம் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கி அவர் தோளில் மாட்டிவிட்டது. சம்பளம் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நீங்க பாத்து குடுங்க அண்ணே" என்றாராம். நாங்களும் பார்த்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தோட்டத்துக்காரர்களிடம் இது ஒரு வழக்கம். வேலைக்கு வருகிறவர் விலை சொல்லமாட்டார். சொன்னால் நம்மை அந்நியமாக நினைக்கிறார் என்று முகம் சுருங்கிப்போகும். வேலை வாங்கியவர் மனதுக்குத் தோன்றியதைக் கையில் வைப்பார். கூடவே டீ, இரண்டு வடை, பெருநாள் வந்தால் ஒரு சட்டை. எனக்கு அந்த வழக்கத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. ஈப்போவில் யாரிடமாவது பேசும்போது, எங்கள் பக்கம் எல்லாம் அப்படி இல்லை, எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி என்று சொல்லிக்கொள்வேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் தம்பி மேல் தலைவர் சொன்ன குறைகளில் பொய் இல்லை. தைப்பூசம் வந்தால் ஒரு வாரத்துக்குத் தம்பியைப் பார்க்க முடியாது. திடலில் புல் முழங்காலைத் தொட்ட பிறகுதான் இயந்திரச் சத்தம் கேட்கும். அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும். எங்கே ஆள் என்று தேடினால் யார் வீட்டு வாசல் அஞ்சடியிலாவது கையில் டீயுடன் கதை பேசிக்கொண்டிருப்பார்.

"நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அந்தக் கம்பெனியில மூனு நாலு பேரு லாரியில வாரானுங்க. ஒரே காலையில முடிச்சிட்டுப் போயிடுறானுங்க. மெஷினு, பெட்ரோலு எல்லாம் அவனுங்களோடது. நாம இப்ப குடுக்குறதவிட கொஞ்சந்தான் கூட," என்றார் தலைவர்.

"வர்றவங்க எந்த ஊருக்காரங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஊரா இருந்தா என்னாம்மா? புல்லுக்குத் தெரியவா போவுது?"

கூட்டம் சிரித்தது. எனக்கு இன்னும் ஏறிவிட்டது. "தம்பியோட மூத்த பொண்ணு தஞ்சோங் மாலிம்ல யுனிவர்சிட்டியில படிக்குது. இந்த வேலைய எடுத்துட்டா அது படிப்ப யாரு பாத்துக்குவா? லாரியில வர்றவனா? நம்ம காசு நம்ம ஆளு கைக்குப் போவணும். அதுக்குத்தானே சங்கம்?" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிறகு தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். கம்பெனிதான் ஜெயித்தது. கம்பெனிக்காக எழுந்த கைகளில் ஒன்று என் கணவருடையது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவருடன் பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவர் விடவில்லை.

"நல்லாத்தான் பேசுன. ஒரே ஒரு சந்தேகம். தீபாவளிக்குச் சேலை எங்க வாங்குன?"

"ஆன்லைன்ல."

"எங்கருந்து வந்துச்சு?"

"சூரத்துலருந்து."

"ஈப்போ புந்தோங்ல ஒனக்குக் கல்யாணத்துலருந்து சேலை குடுத்த கடைக்காரரு நம்ம ஆளு இல்லியா?"

"சேலை வேற, ஆளு வேற," என்றேன்.

"சரி, விடு. நம்ம மவன் கோலாலம்பூர்ல என்னா வேலை செய்யுறான்?"

எங்கள் மகன் ஆஸ்திரேலியாவில் உள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்குகளைக் கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பார்க்கிறான். அங்கே அந்த வேலையைச் செய்தவர்களை நிறுத்திவிட்டுத்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவனுக்கு அந்த வேலை கிடைத்த வாரம் நான் கோயிலில் அர்ச்சனை செய்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தேன்.

"அங்கயும் ஒரு அம்மா ஒன்ன மாதிரியே எழுந்து நின்னு நாற்காலிய தள்ளி விட்டிருக்கும்," என்றார் அவர், கேட்டைத் திறந்தபடி. அன்றைக்கு அவருக்கு வைத்த தோசை கொஞ்சம் கருகித்தான் போயிருந்தது. அவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

செய்தியைத் தம்பியிடம் சொல்வது செயலாளரின் பொறுப்பு என்று தலைவர் நழுவிவிட்டார். மறுநாள் சாயங்காலம் கடைசி லயத்துக்குப் போனேன். தம்பி வாசலில் மோட்டாரைச் சாய்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, சங்கத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க..." என்று இழுத்தேன்.

"தெரியும்க்கா. நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு," என்று சிரித்தார். "பரவால்ல லா. மாசக் கடைசி வரைக்கும் வெட்டிடுறேன்."

அவர் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். தூங்கி எழுந்த முகத்தோடு கதவருகே வந்து நின்றார். "அப்ப பொண்ணுக்கு ஹாஸ்டல் காசு?" என்று தன் கணவரைத்தான் கேட்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "பாத்துக்கலாம்," என்றார் தம்பி. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமாதானமாகச் சொல்ல நினைத்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

புது மாதத்தின் முதல் திங்கட்கிழமை, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் கம்பெனி லாரி திடலோரம் வந்து நின்றது. மூன்று பேர் குதித்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், முகத்தை மூடிய வலை. எங்கள் வீட்டு முன்னால் இருந்துதான் ஆரம்பித்தார்கள். இவர்களை முறைப்பதற்கென்றே காரை எடுக்காமல் இடுப்பில் கை வைத்து நின்றேன். முன்னால் வந்த ஆள் இயந்திரத்தை நிறுத்தினார். முகத்து வலையைத் தூக்கினார்.

"என்னாக்கா, இன்னைக்கு வேலைக்குப் போவலியா?"

தம்பிதான்! "நீங்க எப்படி இங்க?" என்றுதான் கேட்க முடிந்தது.

"நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கே தலைவர்கிட்ட போயி இந்தக் கம்பெனி நம்பர வாங்குனேன். மொதலாளி ஒரு சீன தவ்கேம்மா. ஆளு பத்தாம தவிச்சுக்கிட்டு இருந்துச்சு. லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுச்சு, லாரி ஓட்ட முடியுமான்னு கேட்டுச்சு. போலே, முடியும்னு சொன்னேன். வந்துருன்னுச்சு."

"தலைவரு நம்பர் குடுத்தாரா?"

"குடுத்ததோட இல்லாம அவரே போன வாங்கி, நல்ல வேலைக்காரன், தாராளமா எடுத்துக்கன்னு சொன்னாரு லா."

எந்த ஆள் சரியில்லை என்று கம்பெனியைக் கூப்பிட்டோமோ, அந்த ஆளையே கம்பெனி எங்களிடம் அனுப்பியிருந்தது. தலைவரே சிபாரிசும் செய்திருக்கிறார். அன்று காலை புலனக் குழுவில் தம்பியின் ஆரஞ்சுச் சட்டைப் படம் பத்துப் பதினைந்து கோணத்தில் வந்து விழுந்தது. சிரிக்காதவர் இல்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் ஓரத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. அந்த லாரியில் வருகிறவர்களோடு ஒரு வருஷத்துக்குச் சண்டை போடுவதற்கு நான் மனதளவில் தயாராகியிருந்தேன். கூட வந்த நேப்பாளத்துக்காரர்கள் இருவரும் என்னைப் பார்த்துப் பணிவாகச் சிரித்துவிட்டுக் கால்வாய் ஓரத்தை வழிக்கப் போனார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒருநாள் தலைவர் வீட்டுக் குளியலறையில் பாம்பு புகுந்துவிட்டது. நல்ல வேளையாகத் தம்பி எதிரில் திடலில்தான் இருந்தார். தலைவர் இடுப்பில் துண்டோடு வாசலுக்கு ஓடிவந்து, "தம்பி, ஓடியா! பாத்ரூம்ல பாம்பு!" என்று கூவினார். விடுமுறையில் இருந்த நானும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன்.

தம்பி இயந்திரத்தை நிறுத்தி, வலையைத் தூக்கி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணே, அது எங்க ஸ்கோப்புல இல்ல."

"என்னா ஸ்கோப்பு?"

"கன்ட்ராக்ல புல்லு இருக்கு, லோங்காங் கால்வா ஓரம் இருக்கு, கோயிலச் சுத்தி இருக்கு. பாம்பு இல்ல. எனக்கு எதாச்சும் ஆனா சூப்பர்வைசர் தலைதான் உருளும். நீங்க பொம்பாவுக்கு போன் போடுங்க."

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேரும் வரைக்கும் தலைவர் துண்டோடு நடுத்தெருவில் நின்றார். தாமான் மொத்தமும் வந்து பார்த்தது. தம்பியும் புல்லை வெட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்காக உறைத்தது. எரிவாயுத் தோம்பை மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. கூரைத் தகரத்தில் விழுந்த மட்டையை எடுக்க ஆள் இல்லை. தண்ணீர்த் தொட்டி வழிந்தால், கோயில் ஒலிபெருக்கி கரகரத்தால், யார் வீட்டுக் கோழியாவது கால்வாயில் விழுந்தால், எல்லாவற்றுக்கும் நாங்கள் "தம்பி" என்று ஒரு குரல் கொடுத்தே பழகியிருந்தோம். அவரும் புல்வெட்டும் இயந்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வருவார். கம்பெனியிடம் விலை கேட்டபோது நாங்கள் புல்லுக்கு மட்டும்தான் கேட்டோம். மற்றதையெல்லாம் வேலை என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. திடலில் புல் ஏன் முழங்கால் உயரம் வளர்ந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்ட விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது நாங்கள்தான்.

இதற்கு நடுவில் முதல் லயத்தில் ஒரு பெரியவர் தவறிப்போனார். கெமா என்கிற கூடாரம் போட வேண்டும், நாற்காலி இறக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கோப்பி கலக்க வேண்டும். இதுவும் ஸ்கோப்பில் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எல்லோருக்கும் உள்ளூரப் பயம். வேலை நேரம் முடிந்ததும் தம்பி ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொந்தச் சட்டையில் வந்தார். இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வழக்கம்போல எல்லாவற்றையும் செய்தார். காரியம் முடிந்து தலைவர் ஏதோ கையில் வைக்கப் போனபோது பின்னால் நகர்ந்துகொண்டார். "சாவுக்குப் போயி யாராச்சும் காசு வாங்குவாங்களாண்ணே? நானும் இந்த ஊருக்காரன்தானே," என்றார்.

தாமான் பெண்கள் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். கம்பெனியை நிறுத்திவிட்டுத் தம்பியையே திரும்பக் கூப்பிட வேண்டும், முன்பைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போயிற்று, நீங்கள்தானே அவருக்காக அன்றைக்கு வாதாடினீர்கள், நீங்கள் கேட்டால் தட்டமாட்டார் என்றார்கள். எனக்கும் அது சரி என்று பட்டது. நான் சொன்னதுதானே கடைசியில் நியாயமாயிற்று என்று ஒரு மிதப்பு வேறு. தீபாவளி நெருங்கிய நேரம். நெய்யுருண்டை ஒரு டப்பா எடுத்துக்கொண்டு கடைசி லயத்துக்குப் போனேன்.

வேலை நாள்தான். ஆனால் தம்பி வீட்டில் இருந்தார். நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேல் பெரிய கட்டு.

"ஐயோ, என்னா ஆச்சு?"

"மெஷின்ல மாட்டி கல்லு தெறிச்சிருச்சுக்கா. சின்னக் காயந்தான். கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி தையல் போட்டு, ஒரு வாரம் லீவு குடுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தி, ஏதோ தப்புக் காரியத்தைச் சொல்பவர்போலச் சொன்னார்: "சம்பளத்தோட லீவுக்கா. வேலையே செய்யல, சம்பளம் வருது. மொத நாளு எனக்கு வெக்கமா இருந்துச்சு. யாராச்சும் பாத்துடப் போறாங்கன்னு ஜன்னல சாத்திட்டு டிவி பாத்தேன்."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சங்கம் திரும்பக் கூப்பிடுகிறது, கூட்டிக் கொடுக்கிறோம், பழையபடி நம் இடத்தில் நம் வேலை, சூப்பர்வைசர் தொல்லை கிடையாது என்றேன். தம்பி தலையைச் சொறிந்தார். அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கம் கிடையாது.

"அந்தக் கம்பெனி ஒன்னும் சொர்க்கம் இல்லக்கா. பூட்ஸுக்கு என் சம்பளத்துலதான் புடிச்சாங்க. சில நாளு கம்பார் ஊரு தாண்டி எல்லாம் அனுப்புறாங்க. யாரு வீட்டுலயும் போயி உக்காந்து டீ குடிக்கக் கூடாது. ஆனா..." என்று நிறுத்தினார்.

ஆனாலுக்கு மேல் அவர் மனைவி சொன்னார். டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, ஒங்க வீட்டுப் பலா மரத்துலருந்து இவரு விழுந்தாருல்ல, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? கூரையில் இடித்த கிளையை வெட்டச் சொன்னதே நான்தான். தோள்பட்டை விலகி, இரண்டு மாதத்துக்கு மேல் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஊரே திரண்டு போய்ப் பார்த்தது.

"எல்லாரும் வந்தீங்க. எல்லாரும் பிஸ்கட்டு டின்னு வாங்கிட்டு வந்தீங்க. எம்புட்டு டின்னு! இன்னும் அதுலதான் மாவு, பருப்பு, உளுந்து எல்லாம் போட்டு வெச்சிருக்கேன்." அடுக்களைப் பக்கம் கை காட்டினார். மேல் தட்டில் வரிசையாகப் பளபளத்தன. "அந்த ரெண்டு மாசமும் நான் ரெண்டு ஷிப்டு பாத்தேன்க்கா. ஒங்கள குத்தம் சொல்லல. பாசத்துல ஒரு கொறையும் இல்ல. இப்ப சேமநிதி கட்டுறாங்க, வேலையில அடிபட்டா இன்சூரன்ஸ் இருக்கு. பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நிம்மதியா தூங்குவேன்."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரித்த முகமாகத்தான் சொன்னார். ஒரு தொழிற்சாலை முழுக்க உள்ளவர்களுக்குச் சேமநிதியும் விபத்துக் காப்புறுதியும் மாதம் தவறாமல் பதிந்து கட்டுவதுதான் என் வேலை. அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் திடலில் இயந்திரத்தோடு நிற்கும் ஆளுக்கு வடை கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த அடுக்களைத் தட்டைத் திரும்பிப் பார்த்தபோது சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். மூன்று பேருமாக நெய்யுருண்டை டப்பாவைப் பாதி காலி செய்தோம்.

ஒரு வருஷம் ஓடி, கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் புதிதாக ஒரு விலையைக் கொண்டுவந்தார். வேறு ஒரு கம்பெனி, இதைவிட மலிவு. பழைய கம்பெனியோ கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறது. அதையே வைத்துக்கொள்வதானால் வீட்டுக்கு வீடு சந்தாவைச் சில வெள்ளி கூட்ட வேண்டும். இல்லை என்றால் மலிவான கம்பெனிக்கு மாற வேண்டும். தவ்கேம்மாவுக்கு இந்தப் பக்கம் வேறு இடம் இல்லை. எங்கள் தாமான் கையைவிட்டுப் போனால் ஒரு லாரியை நிறுத்துவார், அந்த லாரியின் ஆட்களையும் நிறுத்துவார் என்று தம்பி முந்தைய வாரமே என்னிடம் சொல்லியிருந்தார்.

அன்றைக்குத் தம்பி கூட்டத்துக்கு வந்திருந்தார். வழக்கமாக அவர் நாற்காலிகளைப் போட்டுவிட்டு வெளியே மோட்டாரில் சாய்ந்து நிற்பார். முடிந்ததும் அடுக்கிவைக்க வருவார். இந்த முறை நாற்காலிகளை என் கணவரும் தலைவரும்தான் போட்டார்கள். தம்பி மனைவியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் எழுந்தேன். இந்த முறை நாற்காலி விழவில்லை. பழைய கம்பெனியையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"செக்ரட்டரிம்மா, போன வருஷம் வெளி கம்பெனி வேணாம்னு சண்டை போட்டது நீங்கதானே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரித்தவர்களில் உரக்கச் சிரித்தது என் கணவர்.

"நான்தான்," என்றேன். "இப்ப இந்தக் கம்பெனிக்காகச் சண்டை போடுறேன். மலிவான கம்பெனிக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். வேலையாளுக்குச் சேமநிதி கட்டுறீங்களா, அடிபட்டா என்னா செய்வீங்கன்னு கேட்டேன். எல்லாம் நாள் சம்பளந்தான், அடிபட்டா அவங்கவங்க பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டாங்க. அதான் மலிவா இருக்கு."

முன் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் எழுந்தார். நல்ல மனிதர். பென்ஷனில் தன்னையும் மனைவியையும் பார்த்துக்கொள்பவர். "எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன். எல்லா சாமானும் வெல ஏறிப்போச்சு. இதுல சந்தாவையும் ஏத்துனா எப்படிம்மா? புல்லு வெட்டுறவங்களுக்காக வீட்டுல இருக்கிற நாங்க ஏன் கூடக் கட்டணும்?"

அவர் தம்பியைப் புண்படுத்த நினைத்துக் கேட்கவில்லை. தம்பி பின்னால் இருப்பதே அவர் நினைவில் இல்லை. அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். தலைவரும் காகிதத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மலிவுப் பக்கம் தலைகள் ஆடத் தொடங்கிவிட்டன. ஆயிற்று, வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

தம்பி எழுந்தார். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார், அவர் உட்காரவில்லை.

"அண்ணே, நானும் வீட்டுல இருக்கிறவன்தான். கடைசி லயம். இந்தத் தாமானு வந்த நாள்லருந்து மாசா மாசம் சந்தா கட்டுறேன். நீங்க எனக்குச் சம்பளம் குடுத்தப்பவும் அதுல என் சந்தா இருந்துச்சு. இப்ப கம்பெனிக்குப் போற காசுலயும் இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏத்துனா எனக்கும்தாண்ணே ஏறும். ஏத்துங்க. நான் கட்டுறேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மாதாமாதம் எல்லோரிடமும் சந்தா வாங்கி ரசீது எழுதுகிறவள் நான். அவரிடம் வாங்கிய பணத்தையும் சேர்த்துத்தான் அவருக்கே கொடுத்து, நம்ம ஆளுக்கு நாம் செய்கிறோம் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டிருக்கிறேன். தலையைத் தூக்க முடியவில்லை. முன் வரிசையில் பஸ் ஓட்டுநர் முழுதாகத் திரும்பி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தம்பியையே பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தாவை ஏற்றச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எண்ண வேண்டியது செயலாளர். முதலில் எழுந்தது பஸ் ஓட்டுநரின் கை, பின்னாலேயே வரிசை வரிசையாக மற்றவர்களுடையதும். நான் எண்ணத் தொடங்கினேன். கண்ணில் நீர் நிறைந்து கைகள் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். அதுவரைக்கும் ஒருவரும் கையை இறக்கவில்லை.